பிரவுன் ஏலைச் சுவைத்துப் புள்ளி போடுவது: கொழும்பில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் மாதம் ஒரு தடவை ஆறேழு பேர் கூடுவோம். கிடைத்த பியர்ப் போத்தல்களைத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சுவைத்து, எழுதி, புள்ளி போடுவோம். அதற்கு முன் பல வருடங்கள் தேயிலைத் தரகுக் கம்பனி ஒன்றின் சுவை அறையில் வேலை செய்தேன். நாக்கில் படுவதைச் சொல்லாக்கும் பழக்கம் அங்கேதான் வந்தது.

எங்கள் மேசைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோருமே ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அதிகம் கேட்பதும் பிரவுன் ஏல் பற்றித்தான். இங்கே பெரும்பாலும் பழகியது வெளிறிய லாகரும் கறுத்த ஸ்டவுட்டும் என்பதால், இரண்டுக்கும் நடுவில் நிற்கும் இதை எப்படி எடைபோடுவது என்று தடுமாறுகிறார்கள். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன். இலங்கைச் சட்டப்படி 21 வயதாகாதவருக்கு மதுசாரம் விற்கக்கூடாது. எங்கள் மேசைக்கும் அந்த வயதுதான் எல்லை.

பிரவுன் ஏல் எண்டா என்ன? கறுப்பு பியரும் அதுவும் ஒண்டுதானே?

ஒன்றில்லை. வீட்டில் கறித்தூளுக்கு மல்லி வறுப்பதை நினைத்துப் பாருங்கள். முதலில் பச்சை மணம் போகும், பிறகு நல்ல வறுத்த மணம் எழும், அதற்கும் அடுத்த நிமிடம் கருகத் தொடங்கும். அந்த நடு மணம் வந்ததும் சட்டியை இறக்கிவிட்டால் கிடைப்பதுதான் பிரவுன் ஏலின் இடம். இன்னும் கொஞ்சம் போகவிட்டால் போர்ட்டர், ஸ்டவுட் என்ற கறுப்பு பியர்களின் பக்கம் போய்விடும். ஸ்டவுட்டில் எதிர்பார்க்கும் கறுப்புக் கோப்பியின் கருகல் பிரவுன் ஏலில் முன்னுக்கு வரக்கூடாது.

ஏல் என்பது ஈஸ்ட்டைப் பொறுத்த பெயர். ஏல் ஈஸ்ட் ஏறக்குறைய 18 முதல் 22 பாகை வரையான சூட்டில் வேலை செய்து, பழவாசனை கொஞ்சம் விட்டுப்போகும். லாகர் ஈஸ்ட் அதைவிடக் குளிரில், மெதுவாக வேலை செய்யும். அதனால்தான் லாகர் துப்புரவாக, வாசனை குறைவாக இருக்கிறது.

இங்கிலாந்துதான் பிரவுன் ஏலின் ஊர். லண்டனின் மான்ஸ் பிரவுன் ஏல் 1902இல் வந்தது. அது இனிப்பானது, மதுசாரம் 3 சதவீதத்துக்கும் குறைவு. வடக்கே நியூகாசில் பிரவுன் ஏலை ஜிம் போர்ட்டர் என்பவர் 1927இல் கொண்டுவந்தார். அது 4.7 சதவீதம், லண்டன் வகையைவிட உலர்ந்தது, அதாவது இனிப்புக் குறைந்தது. அமெரிக்கக்காரர்கள் 1980களில் இதையே எடுத்து, பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹொப்ஸ் பூவைக் கூட்டித் தங்கள் வகையை உண்டாக்கினார்கள். இந்த ஆங்கில, அமெரிக்கப் பிரிவை நினைவில் வையுங்கள், கீழே அடிக்கடி தேவைப்படும்.

நிறத்துக்குச் சீனிப் பாகு ஏதும் கலக்கிறாங்களா?

நல்ல பிரவுன் ஏலின் நிறம் பெரும்பாலும் மோல்ட்டிலிருந்தே வரும். மோல்ட் என்றால் முளைக்கவிட்டுக் காயவைத்த வாற்கோதுமை. அதில் பெரும்பங்கு வெளிறிய மோல்ட்டாக இருக்கும். அதனோடு கிறிஸ்டல் மோல்ட் சேர்ப்பார்கள்: ஈரத்தோடே சூடாக்கி, தானியத்துக்குள்ளேயே இனிப்பு உருவாகவிட்டு, பிறகு வறுத்தது. டொபி, கித்துள் பாணி மாதிரியான சுவை அதிலிருந்து வருகிறது. கடைசியாக நன்றாக வறுத்த சொக்லேட் மோல்ட், நூற்றில் சில பங்கு மட்டும். அதில் கொக்கோ ஏதும் இல்லை. நிறத்தைப் பார்த்து வைத்த பெயர்தான்.

தானியத்தைக் கருக்காமல் ஒரே சீராக ஆழமாக வறுக்கும் உருளைக்கு 1817இல் டானியல் வீலர் என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்தார். கொஞ்சம் கறுத்த மோல்ட் போட்டால் மிச்சத்துக்கு வெளிறிய மோல்ட்டே போதும் என்ற வழி அதற்குப் பிறகுதான் இலகுவானது.

'நட் பிரவுன்' எண்டு போட்டிருக்கு. கச்சான், கஜு ஒத்துக்கொள்ளாத ஆள் குடிக்கலாமா?

'நட் பிரவுன்' என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலான போத்தல்களில் பருப்பு எதுவும் சேர்ப்பதில்லை. அந்தச் சொல் நிறத்தையும், வறுத்த மோல்ட் தரும் பருப்புச் சுவையையும் குறிக்கிறது. ஆனால் சில கிராப்ட் பியர்களில் உண்மையாகவே ஹேசல்நட் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். ஒவ்வாமை இருந்தால் லேபிளை முழுவதும் வாசியுங்கள். விளங்காவிட்டால் குடிக்கவேண்டாம். வாற்கோதுமையில் குளூட்டன் உண்டு என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கிராப்ட் எண்டு சொன்னாலே நல்லது எண்டு எடுக்கலாமா?

எடுக்கக்கூடாது. சிறிய அளவில், சொந்த யோசனையோடு காய்ச்சியது என்பதைத் தவிர அந்தச் சொல் எதற்கும் உத்தரவாதம் தராது. மிக அருமையானதும் அதில் இருக்கிறது, கவனமில்லாமல் செய்ததும் இருக்கிறது. லேபிளை மூடிவிட்டு ஊற்றுங்கள்.

கொழும்பு வெயிலுக்கு ஐஸ் மாதிரிக் குளிரா இருந்தாத்தானே நல்லம்?

தாகத்துக்குக் குடிக்க அது சரி. மதிப்பிடுவதற்குச் சரிவராது. பிரிஜ்ஜிலிருந்து எடுத்த போத்தல் 4, 5 பாகையில் இருக்கும். அந்தக் குளிரில் நாக்கு மரத்துப்போகும், வாசனையும் எழும்பாது. எவ்வளவு நல்ல பிரவுன் ஏலும் மண்ணிறத் தண்ணீர் மாதிரித்தான் தெரியும். 10 முதல் 13 பாகை வரை வந்தால்தான் மோல்ட் வாய் திறக்கும். லண்டனில் அதற்குக் காத்திருக்கவேண்டும். எங்கள் ஊரில் அறையே 28, 30 பாகை என்பதால், கிளாஸில் ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் மேசையில் வைத்தால் போதும்.

நான் ஒன்று செய்வேன். ஊற்றிய உடனே குளிரில் ஒரு வரி எழுதுவேன், பதினைந்து நிமிடம் கழித்து இன்னொரு வரி. இரண்டாவது வரி நீண்டிருந்தால் அது நல்ல பியர். குறைகளும் சூடேறும்போதுதான் வெளியே வரும் என்பதால், குளிரில் மட்டும் சுவைத்துப் புள்ளி போட்டவரின் தாளை எங்கள் மேசையில் ஏற்பதில்லை. ஆனால் கிளாஸை மறந்து அரைமணிக்கு மேல் விட்டால் மதுசாரம் மூக்கில் குத்தும். அப்போது எழுதுவதும் நியாயமில்லை.

விசேஷ கிளாஸ் வாங்கவேணுமா?

தேவையில்லை. வாய்ப்பக்கம் சற்றுக் குறுகிய சாதாரண கண்ணாடிக் கிளாஸ் போதும். கண்ணாடி சுத்தமா என்பதுதான் முக்கியம். ஊற்றியதும் உள்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் எண்ணெய்ப்பசை இருக்கிறது. எலுமிச்சை மணச் சவர்க்காரத்தில் கழுவிச் சரியாக அலசாத கிளாஸ் ஒன்றால், நுரை நிற்கவில்லை என்று ஒரு நல்ல பியருக்கு நான் புள்ளி வெட்டியிருக்கிறேன். அடுத்த கிளாஸில் அதே போத்தல் அழகாக நுரைத்து நின்றது. அன்றிலிருந்து கிளாஸ்களை நானே சுடுதண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைக்கிறேன்.

முதல்ல மணந்து பாக்கிறதா, குடிக்கிறதா? ஒழுங்கு ஏதும் இருக்கா?

இருக்கிறது. முதலில் மணம். பல வாசனைகள் நுரையோடு மேலே வந்து சில நிமிடங்களில் பறந்துவிடும். ஊற்றியதும் மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் இரண்டு மூன்று சின்ன மூச்சு. எழுதுங்கள். பிறகு நிறமும் தெளிவும் நுரையும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நல்ல பிளேன்டீயின் செம்மண்ணிறம் தெரியவேண்டும். அமெரிக்க வகை இதைவிடக் கறுத்திருக்கலாம், ஆனாலும் ஓரத்தில் செம்மை தெரியும்.

அடுத்து ஒரு வாய். உடனே விழுங்காமல் வாய் முழுக்கப் படவிட்டு, விழுங்கிய பின் வாயை மூடி மூக்கால் மூச்சை வெளியே விடுங்கள். நாம் சுவை என்று நினைப்பதில் பெரும்பங்கு அந்த மூச்சோடு வரும் மணம்தான். தடிமன் பிடித்த நாளில் குழம்பு சப்பென்று இருப்பது அதனால்தான். கடைசியாக, விழுங்கி அரை நிமிடத்துக்குப் பிறகு வாயில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். பிரவுன் ஏலில் நான் அதிகம் கவனிப்பது இதைத்தான். இனிப்பு பிசுபிசுவென்று தங்கிவிட்டால் இரண்டாவது வாய்க்கு மனம் போகாது. வறுத்த வாசனை மெல்லிசாக நின்று, வாய் உலர்ந்து முடிந்தால், கை தானாகக் கிளாஸுக்குப் போகும்.

ஒருவருக்கு 60 முதல் 90 மில்லிலீட்டர் போதும். சுவைக்கும் அறையில் ஊதுவத்தி, சாம்பிராணி, தைலம், சென்ட் எதுவும் வேண்டாம். ஒரு மணித்தியாலம் முன்னிருந்தே மிளகாயும் வெற்றிலையும் வேண்டாம். நடுவில் வாய் கொப்பளிக்கத் தண்ணீரும் வெறும் பாண் துண்டும் வையுங்கள்.

'டொபி, ஹேசல்நட், பிக்' எண்டெல்லாம் எழுதுறாங்க. எனக்கு ஒண்டும் தெரியுதில்லை. என் நாக்குப் பிழையா?

நாக்கில் பிழையில்லை. ஹேசல்நட்டைக் கையால் தொட்டே இராத ஒருவர் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தால், கிளாஸில் உண்மையாக இருப்பதைத் தவறவிடுவார். இந்தப் பக்கத்தில் நான் மிகவும் சொல்ல விரும்புவது இதுதான். சொல்லை உங்கள் குசினியிலிருந்து எடுங்கள். உங்களுக்குத் தெரிந்த பொருளின் பெயரைச் சொன்னால் அடுத்த தடவையும் அதே இடத்துக்கு உங்களால் திரும்பி வரமுடியும்.

எங்கள் மேசையில் வருகிற சொற்கள் இவை. நெஸ்டோமோல்ட் பேணியைத் திறந்ததும் வரும் மணம், அதுதான் சுத்தமான மோல்ட். ரோஸ் பாணின் மேல்தோல். ரஸ்க். வறுத்த குரக்கன் மா. தோலோடு வறுத்த கச்சான் (தோலின் அந்த லேசான கசப்போடு சேர்த்து). கஜு. கித்துள் பாணியும் பனங்கட்டியும் வேறு வேறு: முதலாவது இளக்கமான, பூ வாசனை சேர்ந்த இனிப்பு, இரண்டாவதில் ஒரு உப்புக் கலந்த ஆழம் இருக்கிறது. தொதல். பேரீச்சம்பழம். எள்ளுருண்டை. பால் சேர்த்த கோப்பி. ஒரு அன்ரி ஒருநாள் "அடிப்பிடிக்கத் தொடங்கின பால்கஞ்சி" என்று எழுதினார். மேசையில் எல்லோரும் மறுபடி ஒரு வாய் எடுத்துப் பார்த்தோம். சரியாக அதுதான்.

பழகுவதற்கு, சின்னக் கிண்ணங்களில் இவற்றை வைத்து, கண்ணை மூடி மணந்து பெயர் சொல்லிப் பாருங்கள். தேயிலை அறையில் புதியவர்களை இப்படித்தான் பழக்கினார்கள், மாதக்கணக்கில். யாரும் பிறவியிலேயே சுவைஞராக வருவதில்லை.

கசக்குது. அப்ப அது பிழைதானே?

கசப்பா துவர்ப்பா என்று முதலில் பிரியுங்கள். அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்த மொழி நம்முடையது. ஆனாலும் பியர் கிளாஸைப் பிடித்ததும் எல்லாவற்றையும் கசப்பு என்று சொல்லிவிடுகிறோம். பாகற்காயும் வேப்பம்பூவும் கசப்பு. பாக்கு, வாழைப்பூ, அதிகநேரம் ஊறிச் சாயம் ஏறிய தேத்தண்ணி துவர்ப்பு. கசப்பு ஒரு சுவை. துவர்ப்பில் நாக்கு இழுத்துப் பிடிக்கும், பல்லின் உள்பக்கம் சொரசொரக்கும்.

ஹொப்ஸ் கசப்பு பிரவுன் ஏலுக்குத் தேவை. மோல்ட்டின் இனிப்பைப் பிடித்து நிறுத்துவது அதுதான். ஆங்கில, அமெரிக்க வகை இரண்டுக்கும் பி.ஜே.சி.பி. என்ற பியர் நடுவர் அமைப்பின் வழிகாட்டி சொல்லும் அளவு 20 முதல் 30 கசப்பு அலகு. கசப்பு அளவு ஒன்றாக இருந்தாலும் அமெரிக்க வகையில் ஹொப்ஸின் வாசனை கூடுதலாகத் தெரியலாம். தோடம்பழத் தோல் மாதிரி வந்தால் அங்கே அது பிழையில்லை. ஆங்கில வகையில் அதே வாசனை முன்னுக்கு நின்றால் புள்ளி குறையும்.

துவர்ப்பு வேறு கதை. மோல்ட்டின் உமியிலிருந்து தேவைக்கு மேல் சாறு இறங்கினால் வரும், தேயிலையைக் கூடநேரம் ஊறவிட்டது மாதிரியே. மெல்லிசாக இருந்தால் பொறுக்கலாம். நாக்கைப் பிடித்து இழுத்தால் காய்ச்சினவரின் பிழை. மூன்றாவதாகக் கருகல் கசப்பு. சட்டியை இறக்கப் பிந்தியதன் அடையாளம் அது, முதல் பதிலில் சொன்ன அதே விஷயம்.

50க்குப் புள்ளி போடுறது எப்பிடி?

நாங்கள் பின்பற்றுவது பி.ஜே.சி.பி. முறை. அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய அமைப்பு. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் உணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு 3தான் என்பதைப் பாருங்கள். அழகான நிறத்தைக் கண்டு மயங்கித் தாராளமாகப் போட அங்கே இடமே இல்லை. மணமும் சுவையும் சேர்ந்து 32.

மொத்தத்தில் 45உம் அதற்கு மேலும் அபூர்வம். 38 முதல் 44 மிகச் சிறந்தது, 30 முதல் 37 நல்ல தரம், 21 முதல் 29 பரவாயில்லை ஆனால் ஏதோ குறைகிறது, 14 முதல் 20 பல குறை, அதற்குக் கீழே குடிக்கக் கஷ்டம். புதியவர்கள் பள்ளிக்கூட மார்க் மாதிரி நினைத்து 25ஐப் பாதி என்று பயப்படுவார்கள். 25 வாங்கிய பியரை நான் சந்தோஷமாக முடித்திருக்கிறேன்.

புள்ளிக்கு முன் சொற்கள். "சுவை 13" என்று மட்டும் எழுதியிருந்தால் காய்ச்சினவருக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. "ரோஸ் பாண் தோல் நன்றாக இருக்கிறது, முடிவில் இனிப்புத் தங்குகிறது" என்று எழுதினால் அடுத்த தடவை அவர் திருத்துவார்.

எனக்கு பிரவுன் ஏலே பிடிக்கேல்லை. குறைச்சுப் போடலாமா?

போடக்கூடாது. நுவரெலியாத் தேயிலை வெளிறி, மென்மையாக, பூ வாசனையோடு வரும். ருகுணைத் தேயிலை கறுத்து, கனத்து வரும். கனமான தேத்தண்ணிக்குப் பழகிய ஒரு சுவைஞர் நுவரெலியாக் கோப்பையை "சாயம் போதாது" என்று தள்ளினால் அவருக்கு அந்த அறையில் வேலை இருக்காது. எதுவும் தன் வகைக்குள் எப்படி நிற்கிறது என்றுதான் பார்க்கவேண்டும். ஆங்கில பிரவுன் ஏலில் மதுசாரம் 4.2 முதல் 5.9 சதவீதம் வரை. எங்கள் ஊர் லயன் ஸ்டவுட் 8 சதவீதத்துக்கும் மேல். அந்தக் கனத்துக்குப் பழகிய நாக்கு பிரவுன் ஏலை "தண்ணி" என்று சொல்வது இயல்புதான். தாளில் மட்டும் அதை எழுதவேண்டாம்.

உங்கள் சொந்த விருப்பத்துக்கும் இடம் இருக்கிறது, கடைசி 10 புள்ளிக்குள். அதிலும் இரண்டு மூன்றுக்கு மேல் அதற்காகக் கூட்டிக் குறைப்பது நியாயமில்லை.

எந்த மணம் வந்தா பிழை எண்டு தெரிஞ்சுகொள்றது?

அடிக்கடி சந்திப்பவற்றைச் சொல்கிறேன். பட்டர் போட்ட பொப்கோன் மணமும் நாக்கில் வழுக்கலும் டயசிற்றில் என்ற பொருளால் வருவது. ஈஸ்ட் தன் வேலையை முடிக்குமுன் பியரைப் பிரித்துவிட்டார்கள். சில ஆங்கில ஏல்களில் மிகச் சிறிதாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். கித்துள், டொபி இனிப்போடு இதைப் பலர் குழப்புகிறார்கள். டொபியில் வறுத்த வாசனை இருக்கும், பட்டரில் இராது. பச்சை அப்பிள் மணமும் அவசரத்தின் அடையாளம். சோளம் அவித்த தண்ணீர் மணம் வந்தால் கொதிக்கவைத்தது போதவில்லை. பழங்கஞ்சிப் புளிப்போ மருந்துப் பிளாஸ்டர் மணமோ வந்தால் வேண்டாத கிருமி ஏதோ உள்ளே போயிருக்கிறது. கராம்பு வாசனை சில பெல்ஜியம், ஜெர்மனி பியர்களுக்கு அழகு, இங்கே பிழை.

கூரைக்குள் மரநாய் குடியிருந்த வீட்டு நாற்றம் மாதிரி வந்தால் காய்ச்சினவரைத் திட்டவேண்டாம். வெளிச்சம் பட்டிருக்கிறது. ஹொப்ஸின் கசப்புப் பொருள் ஒளியில் உடைந்து கந்தகச் சேர்மம் ஒன்று உண்டாகிறது. நிறமில்லாத போத்தலில் சீக்கிரம், பச்சையில் கொஞ்சம் பிந்தி, மண்ணிறப் போத்தலில் மிகவும் பிந்தி. கண்ணாடி அலுமாரியில் வெயில் விழும் பக்கம் அடுக்கியிருந்தால் வாங்காதீர்கள்.

லண்டனிலிருந்து மாமா கொண்டு வந்தது, நனைஞ்ச மட்டை மாதிரி மணக்குது. கம்பனி ஏமாத்தினதா?

பெரும்பாலும் ஏமாற்றியது சூடு. பியருக்குள் இருக்கும் கொஞ்ச ஒட்சிசன் காலப்போக்கில் அதைப் பழசாக்கும். நனைந்த காட்போட் மணம் அதுதான். பிறகு உலர்ந்த முந்திரிகையும் பழைய தேனும் மாதிரி ஒரு இனிப்பு வரும், நடுவில் இருந்த வறுத்த சுவை மங்கிப்போகும். ஒவ்வொரு 10 பாகைக்கும் இந்த மாற்றம் ஏறக்குறைய இரட்டை வேகமாகும். லேபிளில் போட்ட திகதி குளிர்ந்த அறையை நினைத்துப் போட்டது. கொழும்பில் அலுமாரிக்கு மேல் வைத்த போத்தலுக்கு அது பொருந்தாது.

சித்தப்பாவின் மகன் ஒரே பெட்டியில் நான்கு பிரவுன் ஏல் கொண்டுவந்தான். இரண்டை பிரிஜ்ஜில் வைத்தேன், இரண்டை அறையில். மூன்று மாதம் கழித்து, எது எதென்று சொல்லாமல் ஊற்றினேன். பிரிஜ்ஜில் இருந்ததற்கு மேசை சராசரி 35 போட்டது, அறையில் இருந்ததற்கு 24. ஒரே நாளில் போத்தலில் அடைத்த ஒரே பியர். ஒருவர் இரண்டும் வேறு வேறு கம்பனி என்று பந்தயமே கட்டினார்.

அதனால் கொழும்பில் இறக்குமதிப் போத்தலுக்குப் புள்ளி போடும்போது தாளின் மேலே எப்போது வாங்கியது, எங்கே வைத்திருந்தது என்று எழுதச் சொல்கிறேன். புள்ளி கிளாஸில் இருப்பதற்குத்தான், இரக்கப்பட்டுக் கூட்டுவதில்லை. பழி யார்மேல் என்பதை மட்டும் இரண்டு தடவை யோசிக்கவேண்டும்.

தேத்தண்ணி டேஸ்ட் பண்றவங்க துப்புறாங்களே, பியரையும் துப்பலாமா?

1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்தின் சுவைஞர்கள் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கோப்பைகளைச் சுவைக்கிறார்கள். துப்பாமல் அது நடவாது. பியர் நடுவர்கள் வழமையாக விழுங்குவார்கள், தொண்டையில் தங்கும் முடிவையும் பார்க்கவேண்டியிருப்பதால். கசப்பு நாக்கின் பின்பக்கத்தில் மட்டும்தான் தெரியும், அதனால் விழுங்கவேண்டும் என்று சிலர் சொல்வது சரியில்லை. நாக்கு முழுவதிலும் கசப்புத் தெரியும்.

என் முறை, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் விழுங்குவது, மிச்சத்தைத் துப்புவது. ஆறாவது கிளாஸில் எல்லாமே நன்றாக இருக்கிறது என்றால் சுவைப்பது எப்போதோ நின்றுவிட்டது. துப்பவே விரும்புகிறவரும் எங்கள் மேசையில் இருக்கிறார், அவருடைய தாள் பலசமயம் மற்றவர்களுடையதைவிடத் தெளிவாக இருக்கும். வீட்டுக்கு ஓட்டோவில் போங்கள்.

என்ன சாப்பாட்டோட நல்லா இருக்கும்?

புள்ளி போட்டு முடித்த பிறகு, சீனிச் சம்பலும் பாணும். வெங்காயம் மெதுவாக வதங்கி மண்ணிறமாகி வரும் அந்த இனிப்பும் பிரவுன் ஏலின் மோல்ட்டும் ஒரே குடும்பம். வறுத்துத் திரித்த தூளில் செய்த ஆட்டிறைச்சிப் பிரட்டல், கத்தரிக்காய் மோஜு, வறுத்த கஜு எல்லாம் சேரும். மிளகாய் தூக்கலான டெவல் வகைகள் வேண்டாம். மதுசாரமும் வாயுவும் எரிவைக் கூட்டும், பியரின் மென்மை காணாமல் போய்விடும்.

லாகருக்குள்ள கொஞ்சம் ஸ்டவுட் ஊத்தினா பிரவுன் ஏல் வராதா?

நிறம் அப்படியே வரும். சுவை வராது. ஒரு பக்கம் மெல்லிசான தானியம், மறுபக்கம் கருகல், நடுவில் இருக்கவேண்டிய ரோஸ் பாணும் கித்துளும் இல்லை. ஏல் ஈஸ்ட்டின் பழவாசனையும் இல்லை. ஆனால் ஒருதடவை செய்துபாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். பிரவுன் ஏலில் எதைத் தேடவேண்டும் என்பது, அது இல்லாத கிளாஸைக் குடித்தால் உடனே விளங்கும்.

வீட்டிலேயே காய்ச்சிப் பாக்கலாமா?

இலங்கையில் உரிமம் இல்லாமல் மதுசாரம் காய்ச்சுவது மதுவரிச் சட்டப்படி குற்றம். வேண்டாம்.

ஒரே பியருக்கு ஒருத்தர் 24, மற்றவர் 38. ஆர் சரி?

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துச் சொற்களைப் பாருங்கள். பலசமயம் சொற்கள் ஒத்துப்போகும், எண் மட்டும் விலகும்: இருவரும் "முடிவில் இனிப்பு" என்று எழுதியிருப்பார்கள், ஒருவருக்கு அது பெரிய குறை, மற்றவருக்குச் சிறியது. அப்போது எந்த வகைக்கு மதிப்பிடுகிறோம் என்று பேசினால் கிட்ட வந்துவிடும். சொற்களே வேறு என்றால் கிளாஸை மாற்றி மறுபடி ஊற்றுங்கள். டயசிற்றில் சிலருக்கு மிகக் குறைந்த அளவிலேயே தெரியும், சிலருக்குத் தெரியவே தெரியாது. அது அவரவர் மூக்கு.

எங்கள் மேசையில் விதி ஒன்றுதான்: எல்லோரும் எழுதி முடிக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. முகத்தைச் சுளிக்கவும் கூடாது. மூத்தவர் ஒருவர் "ம்ம்" என்று தலையாட்டினால் போதும், பக்கத்துத் தாள்களில் மூன்று புள்ளி ஏறிவிடும். பேசிய பிறகும் 7 புள்ளிக்கு மேல் இடைவெளி நின்றால் நான் சராசரி எடுப்பதில்லை, இரண்டையும் அப்படியே எழுதி வைக்கிறேன்.

போன மாசம் 36 போட்டேன், இந்த மாசம் அதுக்கே 30. எது உண்மை?

இரண்டும் அந்தந்த நாளின் உண்மையாக இருக்கலாம். போத்தல் மாறியிருக்கலாம் (மாமாவின் போத்தல் பற்றிச் சொன்னதைப் பாருங்கள்). அதற்கு முன் குடித்தது இனிப்பான ஸ்டவுட்டாக இருந்தால் இது வறண்டு தெரிந்திருக்கும். நீங்களே மாறியிருக்கவும் கூடும்: ஆறு மாதம் பழகிய பின் எல்லோருடைய புள்ளியும் கொஞ்சம் இறங்கும், குறைகள் கண்ணில் படத் தொடங்குவதால்.

உங்கள் நாக்கை நம்பலாமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. வேறொருவரைக் கொண்டு மூன்று கிளாஸ் ஊற்றச் சொல்லுங்கள், இரண்டில் ஒரே பியர், மூன்றாவதில் அதற்குக் கிட்டத்தட்ட ஒத்த இன்னொன்று. நிறம் காட்டிக்கொடுக்காமல் கறுப்புக் கோப்பையில். எது தனி என்று சொல்லவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரிவரும் என்பதால் ஒருமுறை போதாது, வேறு வேறு நாட்களில் ஆறேழு தடவை செய்யுங்கள். நான் முதல் நாலு தடவையில் ஒன்றுதான் சரியாகச் சொன்னேன். ஐந்தாவது தடவை மணத்தைத் தனியாக எழுதிவிட்டுச் சுவைத்தேன், அப்போதிருந்துதான் பிடிபடத் தொடங்கியது.